கோணல்மாணல் பெட்டி

அவருக்கும் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தொழிற்சாலையிலும் சரி, தெருவிலும் சரி, எல்லாருக்கும் அவர் 'முதல்தரம்'. டைல்ஸ் தொழிற்சாலையில், சூளையில் வெந்த டைல்கள் பெல்ட்டில் ஊர்ந்து வந்து சேரும் கடைசி இடத்தில் இருபத்தாறு வருடமாக நிற்கிறவர். ஒவ்வொரு டைலையும் விளக்குக்குச் சாய்த்துப் பார்ப்பார். விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காதைக் கொடுப்பார். கணீரென்றால் முதல் தரம். கொஞ்சம் மந்தமாகக் கேட்டால் இரண்டாம் தரம். ஓரத்தில் எள்ளளவு உதிர்ந்திருந்தாலும் போதும், கை தானாகத் தூக்கிக் கழிவுத் தொட்டியில் போட்டுவிடும். தூக்கிய கை ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை என்பது அவருடைய பெருமை.

அந்தக் கையோடு அவர் வேலையை மட்டும் பார்த்திருந்தால் பரவாயில்லை. சனிக்கிழமை காய்கறிச் சந்தைக்கும் அதே கையோடு போவார். ஆறு தக்காளி வாங்க முக்கால் மணி நேரம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கூடையின் அடிவரை போய்விட்டு வருவார். அவர் தலை தெரிந்ததுமே கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு டீ குடிக்கும் ஞாபகம் வந்துவிடும். ஆனால் தெருப் பெண்களுக்கு அவர்மேல் தனி மரியாதை. அவர் எந்தக் கூடையில் கை வைக்கிறார் என்று பார்த்து, பின்னாலேயே போய் அள்ளிக்கொள்வார்கள்.

"இந்த மனுஷன் ஒரே பார்வையில எடுத்தது என்னை மட்டும்தான்" என்பாள் அவர் மனைவி. "அதுக்கப்புறம்தான் இவ்வளவு ஜாக்கிரதை வந்துச்சு."

அவள் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருந்தாள். புதுத்துணி தைப்பது குறைவு. பிடிப்பதும் தளர்த்துவதும் நீளம் குறைப்பதும்தான் அதிகம். வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி. குண்டூசியை எடுக்காமலே தெளிவாகப் பேசுவாள். சண்டையும் போடுவாள்.

ஒரு திங்கட்கிழமை காலை முதல்தரம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல். ஆறு வாரம் கட்டு, நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் மருத்துவர். வலியைவிட அவருக்குப் பெரிய வேதனை வேறு. அந்தக் குளியலறைத் தரைக்கு டைல்களை ஒன்றொன்றாகத் தட்டித் தேர்ந்தெடுத்தவரே அவர்தான்.

"முதல் தரம்னா பளபளப்பும் முதல் தரம்தானே" என்றாள் மனைவி.

அது பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். சீருடைகள் மலையாகக் குவிந்துகிடந்தன. சந்தைக்குப் போய்வர அவளுக்கு ஏது நேரம்? தைக்க வந்த ஒருத்தி சொன்ன யோசனையைக் கேட்டு, ஃபோனில் நாலு தட்டுத் தட்டினாள். புதன்கிழமை காலை வாசலில் ஓர் அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. மேலே 'கோணல்மாணல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவர் முன்னால் அவள் பெட்டியைப் பிரித்தாள். முதலில் வந்த கேரட் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அடுத்து வந்த உருளைக்கிழங்குக்கு மூக்கு இருந்தது. தக்காளிக்கு மூன்று தாடை. வெள்ளரிக்காய் வளைந்த வளைப்பில் அதன் நுனி காம்பிடம் ரகசியம் பேசிக்கொண்டிருந்தது.

"என்ன இது?"

"காய்கறிங்க."

"அது தெரியுது. யாரு போட்டு அடிச்சாங்க இதை?"

"பார்க்க லட்சணமா இல்லைன்னு கடையில எடுக்க மாட்டாங்களாம். தோட்டத்துலயே கிடந்து அழுகிடுமாம். அதை வாங்கி வீட்டுக்கு வீடு அனுப்பறாங்க. புதன்கிழமை தோறும் வரும். சந்தா சேர்ந்துட்டேன்."

முதல்தரம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஊரெல்லாம் கழிச்சதை நம்ம வீட்டுக்கு வரவழைச்சிருக்கியா? நான் யாருன்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தவர்."

"முதல்ல அதை நிறுத்து."

"நிறுத்தறேன். நீங்க எழுந்து சந்தைக்குப் போறதா இருந்தா இப்பவே நிறுத்தறேன்."

அவர் தன் காலைப் பார்த்தார். பிறகு கேரட்டின் காலைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

ஆனாலும் கை சும்மா இருக்குமா? மடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தரம் பிரித்தார். முதல் தரத்தில் ஒன்றுமில்லை. இரண்டாம் தரத்தில் ஒரே ஒரு வெங்காயம். மீதி முழுக்கக் கழிவு. மனைவி வந்து அந்த மூன்று குவியலையும் ஒரே வாரில் அள்ளிப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

"இத்தனை வருஷமா ஊர்க்காரங்களுக்கு அளவெடுக்கறேன்" என்றது சமையலறைக் குரல். "ரெண்டு தோளும் சமமா இருக்கிற ஒரு ஆளை இன்னும் பார்க்கல. உங்களுக்கே இடது தோள் ஒரு விரல் தாழ்வு. சட்டைக்குள்ள பஞ்சு வெச்சுத்தான் ஓட்டிட்டிருக்கேன்."

முதல்தரத்துக்கு இது புதுச் செய்தி. எட்டுகிற தூரத்தில் இருந்த கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் சூப்பைக் குடித்தவர் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.

"எப்படி இருக்கு?"

"கேரட், கேரட் மாதிரிதான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிது என்று அவளும் விட்டுவிட்டாள்.

வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடக்கிறவருக்கு நாள் நகருமா? விட்டத்தை எண்ணினார். மனைவி தைத்த சீருடைகளில் இரண்டு பாவாடையின் மடிப்பு ஏறுமாறாக இருக்கிறது என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் அவர் முன்னால் வந்து நிற்கிற சரக்கு என்று ஒன்று உண்டென்றால் அது அந்தப் பெட்டிதான். இரண்டாவது புதன்கிழமை அவர் ஜன்னலோரமாகக் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். காற்றுக்காம். மூன்றாவது புதன்கிழமை வண்டிச் சத்தம் கேட்டதும், "பெட்டி வந்துடுச்சு, பெட்டி வந்துடுச்சு" என்று அவள் மிஷின் சத்தத்தையும் மீறிக் கத்தினார்.

அந்தப் பெட்டியில் சிறிய தர்பூசணி ஒன்று இருந்தது. ஒரு பக்கம் சப்பை. பழக்க தோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். முகம் மாறியது.

"இது உள்ளே சரியில்ல."

"வெட்டாமலே எப்படிங்க தெரியும்?"

"வெட்டித்தான் பாரேன்."

வெட்டினாள். நடுவில் குழைந்து புளித்துப் போயிருந்தது. அவள் குண்டூசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்தது போன்ற பார்வை. முதல்தரம் ஒன்றும் நடக்காதது போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு அவள் ஃபோனை வாங்கி, தட்டிப் பார்த்ததிலேயே தெரிந்தது என்று கோணல்மாணலுக்கு ஒரு புகார் எழுதி அனுப்பினார். ஆனால் அன்றிலிருந்து பிரிக்கிற விதம் மாறியது. உருவக் கோளாறு ஒரு பக்கம். தோல் கோளாறு ஒரு பக்கம். உள்கோளாறு தனி. முதல் இரண்டும் மன்னிக்கக் கூடியவை என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்.

நாலாவது புதன்கிழமைதான் வம்பு வந்தது.

பெட்டியைத் திறந்தால் வெள்ளரிக்காய்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேர். தக்காளி எல்லாம் உருண்டை. கேரட்டுக்கு ஒரே ஒரு கால்.

"அட, இந்தத் தடவை அம்சமா வந்திருக்கே!" என்றாள் மனைவி.

முதல்தரம் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கு விடைத்தது. "இதுல என்ன கோளாறு? ஒண்ணே ஒண்ணு காட்டு பார்ப்போம். இது சந்தைச் சரக்கு. கோணல்னு சொல்லி நேரானதைத் தள்ளிவிட்டிருக்காங்க. ஏமாத்து வேலை!"

"நல்லதா அனுப்பினா ஏமாத்தா?"

"என்ன சொல்லி அனுப்பறாங்களோ அதுதான் உள்ளே இருக்கணும். ஃபோனைக் கொடு."

பெட்டியில் இருந்த எண்ணை அழுத்தினார். எடுத்தது அந்தக் கோணல்மாணலை நடத்துகிற பெட்டிக்காரம்மாவே.

"இந்த வாரப் பெட்டியில காய் எல்லாம் நேரா இருக்கும்மா."

"சார், புகாரா, பாராட்டா?"

"புகார்."

"வளைஞ்சிருக்குன்னு புகார் வந்திருக்கு. ரெட்டையா ஒட்டியிருக்குன்னு வந்திருக்கு. நேரா இருக்குன்னு இப்பதான் சார் முதல் தடவை."

"சந்தையில வாங்கிப் போட்டீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

கையும் களவுமாகப் பிடிபட்ட அந்த அம்மாள் மழுப்பவில்லை. மழையில் தோட்டத்துப் பாதை அறுந்துபோனதில் அந்த வாரம் லாரி வரவில்லை. பெட்டியை நிறுத்தினால் வாடிக்கை போய்விடும் என்று பயந்து, விடியற்காலையில் சந்தைக்கு ஓடி அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். இருநூறு வீட்டில் ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. கண்டுபிடித்தவர்களும் சந்தோஷமாகச் சமைத்துவிட்டார்கள்.

"தப்புதான் சார். ஆமா, போன வாரம் தர்பூசணி உள்ளே அழுகல்னு எழுதினது நீங்கதானா? தட்டிப் பார்த்தே தெரிஞ்சுதுன்னு?"

"நான்தான்."

"அது ஒண்ணுதான் சார் எனக்குப் பெரிய தலைவலி. எது அசிங்கம், எது அழுகல்னு எங்க ஆளுங்களுக்குப் பிடிபட மாட்டேங்குது. நீங்க கால் சரியானதும் ஒரு நாள் வந்து பார்க்க முடியுமா?"

கட்டுப் பிரித்த வாரமே, சனிக்கிழமை, முதல்தரம் கைத்தடியோடு கிளம்பினார். விழுந்து வைக்கப்போகிறார் என்று மனைவியும் கூடவே வந்தாள். முன்னொரு காலத்தில் பஸ் பழுதுபார்த்த கொட்டகை அது. தரையில் இன்னும் எண்ணெய்க் கறை. நீளமான தகர மேசையைச் சுற்றி நாலு பெண்கள் நின்று, சனிக்கிழமைப் பெட்டி போகிற வீடுகளுக்கான காய்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவியாக இருந்தவளை எல்லாரும் மேஸ்திரியக்கா என்றார்கள். கொட்டகையின் எந்த மூலையில் நின்றாலும் அவள் குரல் கேட்கும்.

முதல்தரம் மேசைமுன் நின்றார். கை வேகமெடுத்தது. தட்டு, பார், தூக்கிப் போடு. அரை மணி நேரத்தில் கழிவுக்கூடை இரண்டு நிரம்பி வழிந்தது. பெட்டிகளில் அடி மட்டும் மறைந்திருந்தது.

மேஸ்திரியக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "ஐயா, நீங்க பெரிய ஆளுதான். ஒத்துக்கறேன். ஆனா இப்படிக் கழிச்சா பெட்டிக்குள்ள காத்தைத்தான் ரொப்பணும். ஏற்கெனவே கழிச்சதைத்தானே நாங்க கொண்டாந்து வெச்சிருக்கோம்? அதுலயும் கழிச்சா அது பாவம் எங்கே போகும்?"

மனைவி எங்கோ பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அவர் கையில் அப்போது ஒரு கேரட் ஜோடி இருந்தது. ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொண்டு, பிரித்தால் இரண்டும் முறிகிற மாதிரி. தட்டிப் பார்த்தார். சத்தம் திடமாக இருந்தது. கை கழிவுக்கூடைப் பக்கம் போனது. பாதியில் நின்றது. பெட்டிப் பக்கம் வந்தது. மறுபடி கூடைப் பக்கம் போனது. நாலு பெண்களும் கிரிக்கெட் பார்ப்பது போல அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், யாரோ பிடித்து அமுக்கியது போல, அது பெட்டிக்குள் இறங்கியது.

"அப்பாடா!" என்றாள் மேஸ்திரியக்கா.

திரும்பி வரும்போது காய்கறி வண்டியின் முன் இருக்கையில் அவர் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். பாதி வழியில் சொன்னார்: "எங்க தொழிற்சாலையில கூட்டற அம்மா ஒண்ணு இருந்துச்சு. வீட்டுத் தரை மண்ணா இருக்கு, கழிச்ச டைல்ல ஒரு பெட்டி கொடுக்கறீங்களான்னு கேட்டுச்சு. ஓரம் உதிர்ந்தது, தரத்துக்கு ஆகாதுன்னு சொல்லிட்டேன். அத்தனையும் இடிச்சுப் பொடியாக்கத்தான் போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அந்தம்மா விளக்குமாத்தை எடுத்துச்சு. தொடர்ந்து கூட்டிச்சு."

மனைவி அவரைக் கேலி செய்ய வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபின், "தோளை நிமிர்த்தி உட்காருங்க" என்று மட்டும் சொன்னாள்.

முதல்தரம் தொழிற்சாலைக்குத் திரும்பினார். அங்கே அவர் கை பழையபடியேதான். சனிக்கிழமைகளில் மட்டும் கொட்டகைக்குப் போனார். உருவத்தையும் தோலையும் மேஸ்திரியக்கா பார்ப்பாள், உள்கோளாறை மட்டும் அவர் பார்ப்பார் என்று ஓர் உடன்படிக்கை ஆயிற்று. வாரம் ஒரு தடவையாவது அதை மீறிவிட்டுத் திட்டு வாங்குவார். அழுகல் புகார் அநேகமாக நின்றுபோயிற்று. கொட்டகைப் பெண்கள் நாலு பேரும் மனைவியிடம் துணி தைக்கக் கொடுத்தார்கள். அதனால் அவளும் அளவு நாடாவோடு சனிக்கிழமை தோறும் வண்டியேறினாள். ஆனால் மனுஷனுக்குப் புதுக் கிறுக்கு ஒன்று பிடித்துக்கொண்டது. ஒரு வெள்ளரிக்காயை நீட்டி, "இதெல்லாம் ஒரு வளைவா? ஒப்புக்கு வளைஞ்சிருக்கு. அதைப் பாரு, அதுதான் வளைவு" என்று பாடம் எடுப்பார்.

போன சனிக்கிழமை கொட்டகைக்கு ஒரு பெரியவர் ஃபோன் செய்தார். தனியாக இருக்கிறவர். போன வாரப் பெட்டியில் வந்த மூக்கு வைத்த கத்தரிக்காய் அப்படியே தன் மச்சினர் ஜாடையாம். சமைக்க மனம் வராமல் மேசைமேல் வைத்துத் தினமும் அதோடு வாக்குவாதம் செய்திருக்கிறார். இப்போது அது சுருங்கிவிட்டது. அதே மாதிரி இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார்.

பெட்டிக்காரம்மா சிரித்துக்கொண்டே ஃபோனை முதல்தரத்திடம் கொடுத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"மூக்கு நுனி மேலே தூக்கியிருக்குமா, கீழே தொங்குமா ஐயா?" என்று கேட்டார்.

"கீழேதான். கிளி மாதிரி."

"மச்சம் ஏதாவது?"

"இல்ல. ஆனா முகத்துல ஒரு திமிரு இருக்கும்."

முதல்தரம் கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுக் கத்தரிக்காய்க் கூடைக்குள் தலையை விட்டார். மேஸ்திரியக்கா கத்தினாள். வண்டி புறப்பட வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. மனைவி முன் இருக்கையில் உட்கார்ந்து மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டாள்.

"இருங்க, இருங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "மூக்கு கிடைச்சிடுச்சு. திமிருதான் இன்னும் அமையல."