முதலாளி ஊதுன ஆரத்தி

அதத்தான் சொல்ல வாரேன் சரசு, அன்னைக்கு எங்க நண்டு ஷெட்டு மொதலாளி மூஞ்சிய நீ பாத்திருக்கணும்! நெனைச்சாலே சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது.

இருவது வருசமா நான் அங்க நண்டு அவிக்கிறேன்ல? பூராம் கருவேல வெறகு. இருமி இருமி நெஞ்சே வலிக்கும். "மாடியில சோலார வச்சு தண்ணிய சுட வச்சா வெறகு பாதியாக் கொறையுமாம்யா"ன்னு கேட்டுப் பாத்தோம். "பொகை மேலதான போகுது, போங்கத்தா"ன்னுட்டாரு.

பொகையால கடலு கெடுதுன்னு அவருக்குப் புத்தி சொல்ல மீன்துறை மேடம் ஒண்ணு வந்துச்சு. சின்னப்புள்ளதான், நம்ம மருமக வயசு. யாரு வந்தாலும் ஆரத்தி எடுக்குறது நாந்தான். மேடம் செஞ்சு காட்டக் கொண்டாந்த கலர்த்தண்ணி பாட்டிலு பஸ்ஸுலயே ஒடஞ்சு போச்சாம். மொதலாளி சிரிக்கிறாரு. "கரையில பொகைஞ்சா கடலுக்கு என்னம்மா? எந்திரிங்க, நண்டு வந்துருச்சு."

மேடம் என் தட்டைப் பாத்துச்சு. "ஆத்தா, இது மஞ்சளும் சுண்ணாம்பும்தானங்க?" எளநி குடிச்ச குழலை மொதலாளி கையில குடுத்து, "இதுக்குள்ள ஊதுங்க சார், நெறம் மாறும்"னுச்சு.

ஊதுனாரு. ஒண்ணும் மாறல! நல்லாச் செவக்கட்டும்னு நான் சுண்ணாம்ப அள்ளிப் போட்டிருக்கேன். "பாத்தியா!"ன்னு குதிக்கிறாரு. சோலார் போச்சேன்னு நெனச்சேன். சுண்ணாம்பு கொறையட்டும்னு சட்டுன்னு ஒரு கரண்டி ஆரத்திய ஒரு சொம்புத் தண்ணியில கலந்து நீட்டுனேன். "இப்ப ஊதுங்கய்யா."

கன்னம் ரெண்டும் பூரி மாரி உப்ப ஊதுனாரு. செவப்பு வெளுத்து வெளுத்து வெறும் மஞ்சளா நின்னுச்சு. நண்டு அவிக்கிற நாங்க ஏழு பேரும் கைதட்டுறோம்!

மேடம் சொல்லுச்சு: "மூச்சுல வார வாயுதான் வெறகு, வண்டி, மில்லு எல்லாத்துலயும் வருது. கடலு அதுல ஒரு பங்கக் குடிக்குது. இம்புட்டு வெரசா இல்ல, கொஞ்சங் கொஞ்சமா. தண்ணி இப்படிக் கொணம் மாறுனா சிப்பிக்கு ஓடு கட்டுறது செரமம்."

"நண்டுக்கு?"

"அதுக்கும் ஓடு இருக்குல்லங்க?"

மொதலாளி கூடையில கெடந்த நண்டத் திரும்பிப் பாத்தாரு. "நான் ஒருத்தன் வெறகக் கொறச்சா ஆச்சா?"

"எல்லாரும் இதயேதான் சார் கேக்குறாங்க."

"சோலாருக்கு எங்கம்மா கையெழுத்துப் போடணும்?"

சோலார் வந்து நாலு மாசமாச்சு சரசு, இருமலு பாதி போச்சு. இதுல நான் கண்டது என்னன்னா, நம்ம சொன்னா ஏறாத ஆளுகிட்ட மல்லுக்கு நிக்கக் கூடாது, அவுகளையே ஊத விட்ரணும். எழுதப் படிக்கத் தெரியாட்டி என்ன, அதுக்கு… அடி ஆத்தி, கொழாயில தண்ணி வந்துருச்சுடி! கொடத்த எடு, ஓடு!