ஹொப்ஸ் கொடியும் என் பாவல் பந்தலும்

1

அன்று தோட்டத்தில் நின்றவர்கள்: ஜெர்மனியிலிருந்து வந்த முதலாளி ரூபன். வவுனியாவில் பியர் காய்ச்ச லைசன்ஸ் எடுத்திருந்த ஹோட்டல்காரர் நாதன். கம்பி கட்ட வந்த செல்வம். என் மனைவி கமலம். நான்.

இடம், இரணைமடு வாய்க்கால் ஓரம் இருந்த என்னுடைய கால் ஏக்கர். அதில் பாவல் பந்தல் காய்த்து நின்றது. கிழமைக்கு ஒருமுறை பாவற்காய் வவுனியாச் சந்தைக்குப் போகும். அதில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

ரூபன் மூன்று பைகளைத் திறந்தார். உள்ளே காய்ந்த பச்சைப் பூ. பியருக்குக் கைப்பும் மணமும் கொடுக்கிற ஹொப்ஸ் என்றார்.

"இது சாஸ், மெல்லிய மணம். இது காஸ்கேட், தோடம்பழத் தோல் மாதிரி. இது சினூக், பைன் மரப் பிசின்."

செல்வம் மூன்றையும் முகர்ந்தான். "முதலாவது வைக்கல். மூண்டாவது சாம்பிராணி. உதைக் குடிச்சா வெறிக்குமோ, கும்பிட வேணுமோ?"

நாதன் சிரித்தார். "அண்ணை, வெளியிலை இருந்து எடுக்கிற விலை தாங்கேலாது. இஞ்சை விளைஞ்சா முழுக்க நான் எடுப்பன்."

கமலம் சிரிக்கவில்லை. "இஞ்சாருங்கோ, காய்க்கிற கொடியை ஆரும் பிடுங்குவினமோ?"

பிடுங்கினேன். விளைச்சலில் பாதி உங்களுக்கு என்று ரூபன் சொன்னதை நம்பினேன்.

2

கம்பம் நட்டுப் பதினெட்டு அடி உயரத்தில் கம்பி இழுத்தோம். வெக்கை தாங்கும் என்று காஸ்கேட் வேரையே அறுபது குழியிலும் வைத்தோம். முளைத்தது. இடுப்பு உயரம் வந்தது. அங்கேயே நின்று மொட்டு விட்டது. கம்பி மேலே சும்மா கிடந்தது.

ரூபன் ஜெர்மனியில் ஹொப்ஸ் வளர்க்கிற ஒருவரிடம் போனில் கேட்டார். கேட்டுவிட்டு வந்தபோது முகம் செத்திருந்தது.

"அண்ணை, அங்கை கோடையிலை இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் நிக்கும். அந்த நீளப் பகலிலைதான் கொடி ஏறுமாம். இஞ்சை ஆறரைக்கே இருண்டிடும். கோடை முடிஞ்சுதெண்டு நினைச்சு அவசரமாப் பூக்குது."

"இப்ப என்ன செய்யிறது, தம்பி?"

"லைட் போட வேணும். பாப்பம்."

அடுத்த கிழமை திரும்பிப் போய்விட்டார். பிறகு ஒருநாள் போன் எடுத்தார்.

"தண்ணி ஒழுங்கா விட்டனீங்களோ அண்ணை?"

"விட்டனான்," என்றேன்.

3

தோட்ட வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். புதுப் பயிர் கொண்டு வருகிறவன் மணத்தைச் சொல்வான், விலையைச் சொல்வான். அந்தப் பயிரின் ஊரில் எத்தனை மணிக்கு இருளும் என்று கேளுங்கள். ஒரு மூலையில் நாலு வேர் வைத்துப் பாருங்கள். அதுவரை காய்க்கிற பந்தலில் கை வைக்காதீர்கள்.

பறிக்கிற அன்று நாதன் வந்தார். ஒரு பூவை நசுக்கி முகர்ந்தார்.

"மணம் சரி அண்ணை, தோடம்பழமேதான். ஆனா உது ஒரு கிடாரம் பியர் காய்ச்சவும் காணாது."

கமலம் சுளகைக் கொண்டுவந்து வைத்தாள். "எண்ணுங்கோ," என்றாள்.

பூவில் பாதிக்கு மேல் வெயிலில் கருகிப் போயிருந்தது. அறுபது கொடியிலும் மிஞ்சியதை ஆய்ந்து எண்ணினேன்.

நாற்பத்தொரு பூ.