செவ்வாய்க்கிழமைகளில் மாடியில்

அந்தத் தொடரை நான் கீழே உட்கார்ந்து பார்த்தது ஒரே ஒரு வாரம்தான். ஆனாலும் அதில் வருகிற எல்லாரையும் எனக்கு நன்றாகத் தெரியும். யாருக்கு எப்போது கோபம் வரும், யார் பொய் சொன்னால் மூக்கைத் தொடுவார் என்பதெல்லாம்கூடத் தெரியும். எல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான்.

எண்பதுகளின் நடுவில், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்த கையோடு, திருவண்ணாமலையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்து வந்தேன். செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், ஒரு வீட்டின் பின்பக்கம், மாடிப்படியை ஒட்டி ஓர் அறை. புது இடத்துக்குப் போனால் இருப்பதையும் இல்லாததையும் மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் வழக்கம். இருந்தவை: ஸ்டவ், பாய், டிரங்குப் பெட்டி, ஒரு டிரான்சிஸ்டர், ஸ்க்ரூடிரைவர்கள் இருந்த ரெக்ஸின் பை. இல்லாதவை: ஜன்னலுக்குக் கொக்கி, தண்ணீர் பிடித்துவைக்க டிரம், பேச ஆள். கொக்கியை நானே மாட்டிக்கொண்டேன். டிரம்மை வீட்டுக்காரம்மா கொடுத்தார். மூன்றாவதற்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

எக்ஸ்சேஞ்சில் என் வேலை, ஊரில் ஒருவரும் இன்னொருவரும் பேசிக்கொள்ளும் வழி அடைபடாமல் பார்த்துக்கொள்வது. பகல் முழுவதும் ரிலேக்களின் டக்டக் சத்தம். சாயங்காலம் அறைக்கு வந்து பூட்டைத் திறந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் குடும்பம் பேசுவது கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்று புரியாது. பேச்சின் ஏற்ற இறக்கம் மட்டும் வரும். ஊரில் அம்மா அப்பா இல்லை. அண்ணன் வீட்டுக்கு மாதம் ஒருமுறை போவேன். போனால் அங்கேயும் எனக்கு விருந்தாளியின் தட்டுதான்.

வீட்டுக்காரருக்குப் பஜாரில் பாத்திரக்கடை. அந்த வருடம் தெருவிலேயே முதலாவதாக அவர்தான் டி.வி. வாங்கினார். கதவு வைத்த மரப்பெட்டியில் கறுப்பு வெள்ளை டி.வி. அதன்மேல் மருமகள் பூவேலை செய்த துணி. செவ்வாய்க்கிழமை மாலை மெட்ராஸிலிருந்து ஒரு நகைச்சுவைத் தொடர் வரும். கதை சின்னதுதான். ஒரு வீடு, அந்த வீட்டுக்காரத் தம்பதி, மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் ஆபீஸ் வேலைக்காரப் பெண். வாரம் ஒரு வரனைக் கொண்டுவந்து அந்தப் பெண்ணின் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஏதாவது கோளாறாகி வரன் ஓடிவிடும். இவ்வளவுதான். தெருவே அதற்காகக் காத்திருந்தது.

ஆனால் படம் வரவில்லை. மெட்ராஸ் எங்களுக்கு வடகிழக்கில். எங்கள் தெரு மலைக்குத் தென்மேற்கில். நடுவில் மலை அப்படியே மறைத்துக்கொண்டு நிற்கிறது. மலையைத் தாண்டி வராத அலை அதன் ஓரமாக வளைந்து கொஞ்சம் வரும். ஆன்டெனாவை எந்த ஓரத்தைப் பார்த்துத் திருப்புவது என்பதுதான் கேள்வி. நான் மாடியில் ஏறிப் பார்த்தேன். கிழக்கே திருப்பினால் படம் நன்றாக வந்தது. வீட்டுக்காரரும் மேலே வந்து பார்த்தார்.

"இப்ப இது எந்தப் பக்கம் பாக்குது?"

"கிழக்க, சார்."

அவர் ஆன்டெனாவுக்குப் பின்னால் போய், அது பார்க்கும் திசையிலேயே நின்று, இரண்டு பக்கமும் கையை நீட்டிப் பார்த்தார். பிறகு முகம் மாறியது.

"மலை இடது கைப்பக்கம் வருதேம்மா. அது கூடாது. மலை எப்பவும் வலது பக்கம் இருக்கணும். மாசாமாசம் பௌர்ணமிக்குச் சுத்துறவன் நான், என் மாடியிலயே ஒண்ணு இடஞ்சுத்தினு நிக்கிறதா?"

"இது கம்பி சார். சுத்தாது."

"உனக்குத் தெரியாதும்மா. வடக்கத் திருப்பு."

வடக்கே திருப்பினேன். மலை வலப்பக்கம் வந்தது. படம் போயிற்று. புள்ளிப்புள்ளியாய் எறும்பு ஓடியது. ஆன்டெனா மாட்டியிருந்த குழாயை இறுக்குவதற்காகக் கையால் பிடித்தபோது கீழேயிருந்து மருமகள் கத்தினாள்: "வந்துடுச்சி! அக்கா, அப்படியே இருங்க!"

கையை எடுத்தேன். "போச்சு!"

பிடித்தேன். "வந்துடுச்சி!"

உடம்பும் ஒருவகையில் கம்பிதான். பக்கத்தில் நின்றால் அலை கொஞ்சம் மாறும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்காரர் வேறு யார் யாரையோ ஏற்றிப் பார்த்தார். மருமகள் பிடித்தாலும் வரவில்லை, மகன் பிடித்தாலும் வரவில்லை. என் உயரமா, நான் நின்ற இடமா தெரியவில்லை, நான் பிடித்தால்தான் வந்தது. அன்று முதல் செவ்வாய்க்கிழமை தோறும் அது என் வேலையாயிற்று. கீழே ஹால் நிறைய ஆட்கள். மேலே நான் ஒரு கையால் குழாயைப் பிடித்தபடி. கை மரத்தால் மறு கை. எதிரே மலை மெல்லக் கறுத்துக்கொண்டு வரும். வெண்டிலேட்டர் வழியாகச் சிரிப்பு வரும். எதற்கென்று தெரியாது.

ஆனால் தொடர் முடிந்ததும் ஒன்று நடக்கும். "பாவம், அது பாக்கலையே" என்று வீட்டுக்காரம்மா படியேறி வருவார். பின்னாலேயே மருமகள் வருவாள். எதிர்வீட்டுப் பாயம்மாவும் மூச்சு வாங்க வருவார். அவர்கள் குடும்பம் பல தலைமுறையாக அந்தத் தெருவில் இருக்கிறது. அவருடைய கணவருக்குத் தோல் வியாபாரம். மூன்று பேரும் தண்ணீர்த்தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு எனக்குக் கதை சொல்வார்கள். ஒரே கதைதான். ஆளுக்கொரு மாதிரி.

"இன்னிக்கு ஒருத்தன் வந்தான்டி, பேங்க் ஆபீசர். நல்ல பையன். இவ என்னா பண்ணா தெரியுமா? காபியில உப்பைப் போட்டு நீட்றா" என்பார் வீட்டுக்காரம்மா.

"உப்பு அவ போடல அத்தை! அந்த அம்மாதான் டப்பா மாத்தி எடுத்துட்டாங்க."

"இவளுக்கு எப்பவும் அவ கட்சி."

"சம்பாதிக்கிறா, அவ பாட்டுக்கு இருக்கா. உங்களுக்கு என்னா கஷ்டம்?"

"ராத்திரி தலைவலின்னா யாரு தைலம் தேய்ப்பாங்க? சம்பளமா தேய்க்கும்?"

பாயம்மா இரண்டு பேரையும் விட்டுவிட்டு என்னிடம் சொல்வார்: "எனக்கு அந்தப் பொண்ணு மேலயும் கோவமில்ல, மாப்ளைங்க மேலயும் கோவமில்ல. வாடகை வாங்கினா வாங்கினதோட இருக்கணும். அந்தப் புருசன் பொண்டாட்டிக்குத்தான் வாய் ஜாஸ்தி, வேலை கம்மி."

"யாரைச் சொல்றீங்க பாயம்மா?"

"டி.வி.யில வர்றவங்களைச் சொன்னேன்க்கா. நீங்க ஏன் மூஞ்சை மாத்துறீங்க?"

வீட்டுக்காரருக்கு மட்டும் கட்சி கிடையாது. இதெல்லாம் குப்பை, செய்திதான் பார்க்கணும் என்பார். ஆனால் அரைமணி நேரமும் வாசற்படியில் நின்றபடியே பார்த்து முடிப்பார். உட்கார்ந்தால்தானே பார்த்த கணக்கு.

அவர்கள் என்னைத் தீர்ப்பு கேட்பார்கள். "நீ சொல்லுடி, அவ செஞ்சது சரியா?" நான் பார்க்கவில்லையே என்பேன். உடனே மூவரும் மறுபடி முதலிலிருந்து, இன்னும் விவரமாக, நடித்தே காட்டுவார்கள். அவள் எப்படிப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள், படியில் எப்படி இறங்கினாள் என்று. அவள் கெட்டிக்காரியா, திமிர் பிடித்தவளா, பாவப்பட்டவளா என்று எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. மூன்று பெண்களாகத்தான் அவளை மனதில் வைத்திருந்தேன். வாரத்தில் மற்ற நாட்களில், ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, இந்த வாரம் அவளுக்கு என்ன நடக்குமோ என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனாலும் எனக்கு வேண்டியிருந்தது வேறு. கீழே அந்த ஹாலில், பாயில், அவர்களுக்கு நடுவில் ஓர் இடம். எல்லாரும் சிரிக்கும்போது அதே நேரத்தில் நானும் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான். அது பெரிய ஆசையென்று நான் நினைக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை இடி இடித்தது. நான் படியில் கால் வைத்தபோது வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேணாம். இரும்பைப் புடிச்சினு நிக்கிற நேரமா இது? பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அப்ப நாடகம்?" என்றார் குப்பை பார்க்காத வீட்டுக்காரர்.

"கிழக்கத் திருப்பினா யாரும் பிடிக்க வேணாம் சார்" என்றேன்.

"அதான் முடியாதுன்னு சொன்னேனே. மலை இடப்பக்கம் வரும்."

பாயம்மா குடையை மடக்கி மூலையில் சாய்த்தபடி சொன்னார்: "அண்ணே, ஒண்ணு கேக்கறேன். உங்க கம்பி இங்கேருந்து மெட்ராஸுக்கா போவுது? மெட்ராஸ்லேருந்து படம்தானே இங்க வருது?"

"ஆமா."

"கிழக்கேருந்து இந்தச் செங்கம் ரோட்டுப் பக்கமா நம்ம வீட்டுக்கு நடந்து வர்றவங்களுக்கு மலை எந்தப் பக்கம்?"

வீட்டுக்காரர் ஹால் நடுவில் கிழக்கே போய், திரும்பி, எங்களை நோக்கி நாலடி நடந்து வந்தார். வலது கை தானாக உயர்ந்தது.

"வலப்பக்கம்" என்றார்.

"அப்ப படம் ஒழுங்காத்தான் வலம் வருது. நீங்கதான் நடுவுல மறிச்சினு நிக்கிறீங்க. பொறந்ததுலேருந்து எங்க வாசல்ல நின்னு பாக்கறேன், யாரு எந்தப் பக்கமா சுத்தறாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். வீட்டுக்காரர் உயர்ந்த கையை இறக்கிக்கொண்டு, என்னிடம், "மழை விட்டதும் திருப்பிடும்மா" என்றார்.

மறுநாள் காலையில் திருப்பினேன். போல்ட்டை இறுக்கி, மூட்டில் கிரீஸ் தடவி, கேபிளைத் தொங்காமல் கட்டினேன். என் வேலையில் எனக்குக் குறை தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை தலை வாரி, வேறு புடவை கட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனேன். மருமகள் நகர்ந்து இடம் கொடுத்தாள். படம் பளிச்சென்று வந்தது. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். பிறகு தொடர் ஆரம்பித்தது, நான் அவளைப் பார்த்தேன்.

என் மனதில் இருந்த மூன்று பெண்களில் யாரைப் போலவும் அவள் இல்லை. ஒல்லியாக, கொஞ்சம் களைத்த முகத்துடன் இருந்தாள். அவளுடைய அறையைக் காட்டினார்கள். ஒரு ஸ்டவ், சுருட்டி வைத்த பாய், டிரங்குப் பெட்டி, ஜன்னலில் ஒரு டிரான்சிஸ்டர். கீழே வீட்டுக்காரம்மாவாக நடித்தவர், "தனியா இருக்கிற பொண்ணு, அதுக்குன்னு யாரு இருக்கா, நாமதான் தள்ளிவிடணும்" என்று கணவரிடம் சொன்னார். சிரிப்பு வரவேண்டிய இடம். வெண்டிலேட்டர் வழியாக எத்தனையோ முறை நான் கேட்டிருந்த அந்தச் சிரிப்பு ஹாலில் கிளம்பி, பாதியில் நின்றது. எங்கள் வீட்டுக்காரம்மா என் பக்கம் திரும்பி, உடனே டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன்.

முடிந்ததும் யாரும் சண்டை போடவில்லை.

"நல்லாத்தான் இருந்தது இன்னிக்கு" என்றார் வீட்டுக்காரம்மா.

"ஆமா அத்தை."

பாயம்மா சோறு வடிக்கணும் என்று செருப்பை மாட்டினார். மருமகள் எனக்குக் காபி கொண்டுவந்தாள், டபராவில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டி. அண்ணன் வீட்டிலும் அப்படித்தான் கொடுப்பார்கள்.

அறைக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். கருவியில் கோளாறு இல்லை. படம், ஒலி, திசை எல்லாம் சரி. நான் மாடியில் இருந்தவரை அவள் வேறு, நான் வேறு. அவளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் என்னிடமே பேசலாம். கீழே உட்கார்ந்ததும் திரையில் ஒருத்தி, பாயில் ஒருத்தி என்று ஆகிவிட்டது. அவளுக்குக் கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்று எனக்கு முன்னால் எப்படி அடித்துக்கொள்வார்கள்? அவர்கள் நல்லவர்கள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை தொடர் ஆரம்பிக்கும் நேரத்துக்கு மாடிக்குப் போனேன்.

"அக்கா, படம் நல்லாத்தானே வருது? ஏன் மேல போறீங்க?" மருமகளின் குரல்.

"துணி காயுது. எடுத்துட்டு வரேன். நீங்க பாருங்க."

துணி ஏற்கெனவே காய்ந்திருந்தது. மடித்து வைத்துவிட்டுத் தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்றேன். பழக்கத்தில் கை குழாயைப் பிடித்தது. கீழேயிருந்து யாரும் ஒன்றும் கத்தவில்லை. பிடித்தாலும் விட்டாலும் அங்கே படம் ஒன்றுதான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு முதல் சிரிப்பு கிளம்பியது. இந்த முறை அது பாதியில் நிற்கவில்லை. முடிவதற்குள் சண்டையும் ஆரம்பித்துவிட்டது. "அவ எதுக்கு வேணாம்னு சொன்னா? அதைச் சொல்லு முதல்ல!" என்று வீட்டுக்காரம்மா கேட்பதும், "வேலையை விடுன்னு சொன்னான் அத்தை, காதுல விழலையா?" என்று மருமகள் பாய்வதும் தெளிவாகக் கேட்டன. வந்த மாப்பிள்ளை வேலையை விடச் சொன்னதும், அவள் அவனுக்குக் குடையைக் கொடுத்து அனுப்பியதும், ஒன்று விடாமல் கேட்டது.

துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். படியின் அடியில் வீட்டுக்காரம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். பின்னால் மற்ற இரண்டு பேர்.

"நல்ல நேரத்துக்குத் துணி எடுக்கப் போனடி! இன்னிக்கு என்னா ஆச்சு தெரியுமா?"

"தெரியாதே."

"ஒருத்தன் வந்தான். இன்ஜினியரு. இவளைப் பாத்து..."

"அத்தை, தப்பாச் சொல்லாதீங்க, நான் சொல்றேன்!"

பாயம்மா இரண்டு பேரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு நான் கடைசிப் படியில் உட்கார்ந்தேன்.

"அப்புறம்?" என்றேன்.