எண்ணெய் தேய்க்காத சனிக்கிழமை

எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் அவருக்கு எண்ணெய்க் குளியல். திருநெல்வேலியை விட்டுப் புனேவுக்கு வந்து, அவர் தளேகாவ் பாக்டரிக்குப் போய்வந்த காலத்திலும் சரி, ரிட்டயராகி ஏரவாடாவில் இந்த மூணாவது மாடிக்கு வந்த பிறகும் சரி, அது மாறவில்லை. எண்ணெய் தேய்த்த அன்றைக்குப் புருஷன் பெண்டாட்டி சேரக் கூடாது என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். அதையும் நாங்கள் மீறினதில்லை.

அந்தச் சனிக்கிழமை நல்லெண்ணெயைக் காய்ச்சி வைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றார்.

"சளி பிடிச்சிருக்கா?"

"அதெல்லாம் இல்ல."

என் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

திரும்பி வரும்போது கையில் ஸ்ரீகண்ட் டப்பா. எனக்குப் பிடிக்கும் என்று வாங்கின தயிர் இனிப்பு. லிப்ட் ஓடாத நாள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறுவிறுவென்று படியேறி வந்திருக்கிறார். உள்ளே வந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எப்போதும் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். நான் நாலாம் கிளாஸோடு நின்றவள். அட்டையில் இருக்கிற இங்கிலீஷ் பெயரை வாசிக்க வராது. ஆனால் இன்றுவரை அவருக்கு ஒரு மாத்திரை நான் மாற்றிக் கொடுத்ததில்லை. என் சத்தம் கேட்டு, என்னைச் சித்தி முறையில் மாவ்ஷி என்று கூப்பிடுகிற எதிர்வீட்டு மராட்டிப் பெண்ணும் ஓடி வந்தாள்.

"வாயத் தொறங்க" என்றேன்.

இறுக்கி மூடிக்கொண்டார்.

"சின்னப் பிள்ளையா நீங்க? தொறங்க."

தலையை ஆட்டினார். எதிர்வீட்டுப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை. அவளுக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் இவருக்குச் சொல்ல வரவில்லை. கடைசியில் மெல்ல, "இன்னைக்கு நான் எண்ணெ தேய்க்கலைல்லா" என்றார்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. இந்த மாத்திரையை முதலில் எழுதிக் கொடுத்தபோதே டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொல்லியிருந்தார். ஆம்பளைத் தெம்புக்கு என்று விற்கிற மாத்திரையும் இதுவும் சேர்ந்து உள்ளே போகக் கூடாது, போனால் பிரஷர் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்து என்று. நான் வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வயசில் இவருக்கு அது எதற்கு என்று உள்ளுக்குள் சிரிப்பு வேறு.

"முழுங்கியாச்சா?"

"மெடிக்கல் வாசல்லயே."

மாத்திரையைத் திரும்ப எடுத்து வைத்தேன்.

"ஏன் மாவ்ஷி நிக்கிறீங்க, குடுங்க" என்று அவள் மராட்டியில் பதறினாள்.

"குடுக்கக் கூடாது. ஆம்புலன்சுக்குப் போன் போடு" என்றேன், நானும் மராட்டியிலேயே.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதே மாத்திரையோடு வந்தாள். இவர் என் சேலை முனையைப் பிடித்து இழுக்கிறார், சொல்லாதே என்று. எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்: "அதைக் குடுக்காதீங்க. ஆம்பளைத் தெம்பு மாத்திரை போட்டிருக்கார், கொஞ்சம் முன்னாடிதான்." வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். என் புருஷன் எனக்காகப் போட்ட மாத்திரை. நான் எதற்குத் தலை குனிய வேண்டும்?

டாக்டர் எப்போது போட்டார் என்று கேட்டுக்கொண்டு வேறு மருந்து கொடுத்தார். பொழுது சாயும்போது வந்து, இனி பயமில்லை என்றார். நிறையப் பேர் மறைத்துவிடுகிறார்கள், நீங்கள் சொன்னது நல்லதாய்ப் போயிற்று என்றும் சொன்னார். நெஞ்சு மாத்திரை இருக்கிறவரை அந்த மாத்திரை ஆகாதாம். ஏதாவது குறை என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் கேட்க வேண்டுமாம், கடையில் வாங்கிப் போடக் கூடாதாம். அப்போதுதான் எனக்கு ஒழுங்காக மூச்சு வந்தது.

"ஊர் முன்னால என் மானத்த வாங்கிட்ட" என்றார் கட்டிலில் கிடந்தபடி.

"மானத்தை வீட்டுக்குப் போய்த் தேடிக்கலாம். மொதல்ல நீங்க வந்து சேருங்க."

வந்து சேர்ந்தார். தலைக்கு ஊற்றலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு வந்த சனிக்கிழமை, நான் கூப்பிடாமலே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உச்சியில் எண்ணெயை வைத்துத் தேய்த்தேன்.

"அந்த ஸ்ரீகண்ட் எங்க?" என்று கேட்டார்.

"எனக்கு வாங்கினதுதானே? தின்னாச்சு."

தலை குலுங்கச் சிரித்தார். எண்ணெய் கண்ணில் இறங்கிவிட்டது.