காத்திருப்பவர்களின் கணக்கு

என் கணவருக்கு வேலை போன பிறகு, காலை வேளைகளில் அவரைத் தேற்ற நான் ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டேன். கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவள் வேறு எதைப் பிடிப்பாள்? காத்திருக்கும் காலத்தைக் கணிக்கிற எக்ஸ்போனென்ஷியல் பரவலுக்கு ஞாபகம் கிடையாது. எத்தனை மாதம் காத்திருந்தாலும், முதல் நாள் இருந்த வாய்ப்பு இன்றைக்கும் அப்படியே இருக்கும். அதனால் போனதை மறந்துவிட்டுக் கிளம்புங்கள் என்பேன். அவர் கொள்முதல் பிரிவில் இருந்தவர். கணக்கு என்றால் காத தூரம் ஓடுவார். ஆனாலும் நம்பினார். மும்பையில் செம்பூர், அந்தேரி என்று எங்கே இன்டர்வியூ வந்தாலும் சிரித்த முகத்தோடு போய்வந்தார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் சயானில் தண்டவாளம் மூழ்கி ரயில் நின்றுபோனது. மாட்டுங்காவில் எங்கள் ஹாலில் உட்கார்ந்தே ஆன்லைனில் வகுப்பெடுத்தேன். அவர் அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பாடம், இரண்டு எக்ஸ்போனென்ஷியல்களின் கலவை. பார்க்க ஒரே கூட்டம், உள்ளே இரண்டு. சில பல்பு வாங்கிய வாரமே போய்விடும், சில வருஷக்கணக்கில் எரியும் என்று விளக்கினேன். ஒரு மாணவி, வேலை தேடுகிறவர்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்டாள்.

நல்ல கேள்வி வந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. பிரமாதமாகப் பொருந்தும் என்றேன். சட்டென்று கிடைக்கிறவர்கள் கிடைத்துக் கிளம்பிவிடுவார்கள். அதற்கப்புறமும் நிற்பவர் பெரும்பாலும் இழுபடுகிற கூட்டத்தைச் சேர்ந்தவர். ஆக, காத்திருக்கக் காத்திருக்க, இன்னும் காத்திருக்க வேண்டிய காலம் கூடிக்கொண்டுதான் போகும். இதை எவ்வளவு ரசித்துச் சொன்னேன் என்பதுதான் இன்றும் என்னைக் குத்துகிறது. அவர் அடுப்படியில் இருப்பதே எனக்கு நினைவில்லை.

லேப்டாப்பை மூடியதும் வந்து எதிரில் உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை.

"அப்போ நான் எந்தக் கூட்டம்?"

தனி ஆளைப் பற்றி இந்தக் கணக்கு ஒன்றும் சொல்லாது என்று அவசரமாகச் சொன்னேன்.

"சொல்லுமே. இப்பத்தானே அந்தப் பொண்ணுகிட்ட சொன்னே."

காலைகளில் நான் சொல்லிவந்ததை நானே நம்பியதில்லை என்று அவருக்கு அப்போது தெரிந்துவிட்டது. கத்தியிருந்தால்கூடத் தேவலை. கையைத் துடைத்துக்கொண்டு, பாடம் நன்றாக எடுக்கிறாய் என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவரைத் தேற்ற எனக்கு வாய் வரவில்லை. இதை எழுதும் இன்றைக்கும் அவர் வீட்டில்தான் இருக்கிறார்.