வராதவர்களைத் தேடி வந்த பெண்

சென்ற வாரம் சிட்னியின் நார்த்மீட்டில் நடந்த எங்கள் மூத்தோர் ஒன்றுகூடலுக்குத் தாரணி என்றொரு உளவியல் மாணவி வந்திருந்தாள். புலம்பெயர்ந்த முதியோரின் தனிமை குறித்து ஆய்வு செய்கிறாளாம். வினாக்களுக்கு விடையளிக்க ஆட்கள் வேண்டும் என்றாள்.

கேட்டதும் அத்தனை கைகளும் உயர்ந்தன. படிக்கிற பிள்ளை கேட்டால் மறுக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டா?

கரம் பலகையில் காய்களை அடுக்கிக்கொண்டிருந்த என் நண்பர் சபாநாதனிடமிருந்து தொடங்கினாள்.

"உங்களுக்குத் தனிமையா இருக்கிறதோ, அங்கிள்?"

"உமக்கு எது உதவும், பிள்ளை? ஓம் எண்டால் உதவுமெண்டால் ஓம் எண்டே போடும்."

மண்டபம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"அப்பிடியில்லை, அங்கிள். இஞ்ச வாறவை ஒருத்தரும் தனிய இல்லை. இவையிட்ட மட்டும் கேட்டால் என்ர றிசேர்ச் பிழைச்சுப் போயிடும். வராத ஆக்கள்தான் எனக்கு வேணும்."

எளிதில் கிட்டுவோரை வைத்து எல்லோரையும் அளப்பது ஆய்வுலகின் பழைய சோம்பல் என்று விளக்கினாள். ஆதலால் வேறொரு வழி — ஒருவர் மற்றொருவரைச் சுட்ட, அவர் இன்னொருவரைச் சுட்ட, பனிப்பந்து போல் உருண்டு வளரும் தெரிவுமுறை. பனி விழாத சிட்னியில் அது எங்கே உருள்வது? நான் சபாநாதனைச் சுட்டினேன். சபாநாதன் என்னைச் சுட்டினார்...

"வீட்டை விட்டு வெளிக்கிடாத ஒராளையும் தெரியாதோ?" அவள் குரல் தளர்ந்திருந்தது.



"ஒராள் இருக்கிறா," என்றார் சபாநாதன். "என்ர மனுசி."

அவர் மனைவி புஷ்பம், குவேக்கர்ஸ் ஹில் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்கிறார். அவரையும் அழைத்து வரலாமே என்று எங்களில் எவருக்கும் தோன்றியதில்லை.

திங்களன்று தாரணி அங்கே சென்றாள். மாலையில் சபாநாதன் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, ஒரு மணித்தியாலம் எண்டு வந்த பிள்ளை இன்னும் போகேல்லை. மனுசி கதைச்சுக்கொண்டே இருக்கிறா."

"அதுக்கென்ன?"

"என்னோட இப்பிடிக் கதைச்சு எவ்வளவு காலம்..."

நேற்றைய ஒன்றுகூடலில் சபாநாதனைக் காணோம். பேரனோடு வீட்டில் இருந்தார். புஷ்பம் வந்திருந்தார். கரம் பலகையருகே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தவர், என்னில் தொடங்கி எங்கள் அனைவரையும் வரிசையாகத் தோற்கடித்தார்.

சபாநாதனே எங்களுள் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று இத்தனை காலமும் முடிவுகட்டி வைத்திருந்தோம் — வந்தவர்களை மட்டுமே கணக்கில் கொண்டு.