ழகரம் இல்லாத செய்தி

எங்கள் வானொலி நிலையத்தில் செய்தி வாசிக்கும் அவருக்கு அகராதி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. முதுகுக்குப் பின்னால் "அகராதி பிடிச்சவ" என்று முணுமுணுத்தவர்கள், ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் ஓடிப்போய் அவரிடம்தான் கேட்டார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கைத் திறந்து மூடுகிறவன். எனக்கு அவர் அக்கா.

ஊரில் பாதிப் பேர் வாளப்பளம்தான் தின்கிறார்கள். யாருக்கும் வயிறு வலித்ததில்லை. ஆனால் எங்கள் செய்தி அறையில் ழகரம் வராதவருக்கு நாற்காலி கிடையாது. வருடாவருடம் குரல் தேர்வு நடக்கும். தவறினால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அந்த விதியை எழுதிய குழுவில் அக்காவும் இருந்தார். எத்தனையோ பேரை அவரே சிரித்த முகத்தோடு வாசல்வரை அனுப்பிவைத்திருக்கிறார்.

போன வருடம் அவர் நாக்கின் ஓரத்தில் வந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று டாக்டர் சொன்னதும் அக்காவும் அவர் மகளும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கட்டிக்கொண்டு அழுதார்களாம். புண் ஆறியது. எல்லா எழுத்தும் மெல்லத் திரும்பி வந்தன, ழகரத்தைத் தவிர. நாக்கு மடங்கப் போய்ப் பாதி வழியில் நின்று, லகரமாக வந்து விழும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் பயிற்சி செய்வார். "போதும்மா, தொட்டித் தண்ணி தீந்துடும்" என்று மகள் கதவைத் தட்டுவாள். தகப்பன் இல்லாத பெண். அவள் படிப்பும் வீட்டு வாடகையும் அந்தச் செய்தி நாற்காலியை நம்பித்தான் இருந்தன.

அடுத்த குரல் தேர்வு வரும்வரை ஒப்பேற்ற அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். செய்தித் தாள்களை முன்கூட்டியே வாங்கி, ழகரம் வரும் சொற்களை அடித்துவிட்டு வேறு சொல் எழுதிக்கொள்வார். மழை மாரி ஆனது. நிகழ்ச்சியை விழா ஆக்கப்போய், அதிலும் அந்தச் சனியன் உட்கார்ந்திருக்கவே கொண்டாட்டம் ஆக்கினார். ஒருநாள் வாழ்க்கை என்ற சொல்லை அடித்துப் பிழைப்பு என்று எழுதினார். அதையும் அடித்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியே எனக்கு எல்லாம் தெரிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

மதியச் செய்தி போய்க்கொண்டிருந்தபோது உதவி ஆசிரியர் கதவைத் திறந்து, துண்டுத் தாள் ஒன்றை அவர்முன் வைத்துவிட்டுப் போனார். காலையில் தீப்பிடித்த தொழிற்சாலைச் செய்தி அது. 'கிடங்கில் சிக்கிய ஏழு பேரும் உயிரிழந்தனர்.' மைக் திறந்திருந்தது. அடிக்கவோ மாற்றவோ நேரமில்லை. அக்காவின் உதடு பிரிந்தது, மூடியது. பிறகு அதே தெளிவான குரலில் அவர் வாசித்தார்: "கிடங்கில் சிக்கியவர்களில் ஆறு பேர் இறந்துவிட்டனர்."

வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த செய்தியில சரி பண்ணிடலாம், தம்பி" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

அதற்குள் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. கிடங்கில் சிக்கியது எத்தனை பேர் என்று ஊருக்கே தெரியும். ஆறு பேர் போனார்கள் என்றால் ஒருவர் பிழைத்திருக்கிறார். அந்த ஒருவர் தங்கள் ஆள்தான் என்று ஏழு வீட்டிலும் நம்பினார்கள். தாளைத் தேடி எடுத்துப் பார்த்த செய்தி ஆசிரியர் அக்காவின் எதிரில் வந்து நின்றார். மறுபடியும் மணி அடித்தது. அக்காவே எடுத்தார். ஒலிபெருக்கிப் பொத்தான் அழுந்தியிருந்ததால் அறை முழுக்கக் கேட்டது.

"செய்தி வாசிக்கிற அம்மாங்களா? என் வீட்டுக்காரரும் அதுக்குள்ளதான் இருந்தாரு. ஏளு பேரும் போயிட்டாங்கன்னு இங்க எல்லாரும் அடிச்சுச் சொல்றாங்க. நான் நம்பல. நீங்க ஆறுன்னுதானே சொன்னீங்க? நீங்க சொன்னா தப்பா இருக்காதுங்க. இன்னொரு தடவ உங்க வாயால சொல்லுங்கம்மா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நாக்கு உள்ளே எதையோ தேடுவது கன்னத்தில் தெரிந்தது.

"நான் தப்பா வாசிச்சிட்டேம்மா" என்றார். "ஏலு பேரு. ஏலு பேரும் போயிட்டாங்க."

அறையில் இருந்த எல்லோரும் கேட்டோம். செய்தி ஆசிரியர் தலையைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கோ எழுத்து எதுவும் காதில் விழுந்திருக்காது. அங்கே எழுந்த அலறலை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. யாரோ ரிசீவரை வாங்கி வைத்துவிட்டார்கள்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டார். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. படிவரை நான் கூடவே போனேன். அங்கே நின்று திரும்பினார்.

"என் நாற்காலிய காப்பாத்திக்கறதுக்காக அந்தப் பொண்ணோட புருஷன அரை மணி நேரம் உயிரோட வச்சிருந்தேன், தம்பி."